பரணுக்கு ஒரு ஒற்றைக்குழல்: எந்தத் துப்பாக்கி, எந்த அளவு?

அஞ்செட்டி பக்கத்தில் என் மாமாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ராகி, நடுநடுவே அவரை, ஒரு ஓரமாகக் கொஞ்சம் நிலக்கடலை. மேற்குக் கரையில் ஒரு வேப்பமரம், அதன் மேல் பரண். ராகி கதிர் பிடித்த நாளிலிருந்து அறுப்பு முடிகிற வரைக்கும் ராத்திரி யாராவது ஒருவர் அந்தப் பரணில் இருந்தாக வேண்டும். மாமா வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது, முறையான உரிமத்தோடு. உரிமப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தர்மபுரி கலெக்டர் முத்திரை. 2004-இல் மாவட்டம் பிரிந்த பிறகு வந்த புதுப்பிப்புகளில் எல்லாம் கிருஷ்ணகிரி முத்திரை.

மாமாவுக்கு 72 வயதாகிவிட்டது. பார்வையும் முன்போல இல்லை. உரிமத்தை மகன் பேருக்கு வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தார்கள். 2016 ஆயுத விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. உரிமக்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் காட்டுகிற வாரிசு தன் பேரில் உரிமம் கேட்கலாம். கேட்பவர் துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி முடித்த சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

அத்தை மகன் என்னைவிட ஆறு வயது இளையவன். "மச்சான், பழையதையே வெச்சுக்கலாமா, புதுசா ஒண்ணு வாங்கலாமா? வாங்கினா எது வாங்கறது?" என்று கேட்டான். அவன் மனசில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கட்டையாக, பைக்குள் மடக்கி வைக்கிற மாதிரி, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற சின்ன ரைபிள். வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்திருக்கிறான். நான் பாலக்கோட்டில் இருக்கிறேன். துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சில வருஷமாக உறுப்பினர். சேர்ந்து பார்க்கலாம் மாப்பிள்ளை என்றேன். இரண்டு மாதம் ஆயிற்று. தேன்கனிக்கோட்டை, தளி, பென்னாகரம் பக்கம் இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் நாங்கள் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, துப்பாக்கி எதற்கு என்பது. "பன்றிக்கு" என்றான் மாப்பிள்ளை. பன்றியைச் சுட விவசாயிக்கு அனுமதி கிடையாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் காட்டுப்பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை, பிடித்துத் திரும்பக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடும் பேச்சே வரும். அதையும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் செய்ய வேண்டும். மாமாவின் நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஓடை, ஒரு வண்டிப்பாதை. அவ்வளவுதான். யானையும் மயிலும் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆக, எந்த விலங்கை எந்தத் தோட்டா சாய்க்கும் என்று பார்த்துத் துப்பாக்கி தேடுகிற பேச்சுக்கே எங்கள் நிலத்தில் இடமில்லை. தோட்டா விற்பனைக்காரர்கள் கொடுக்கும் அட்டவணைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகும்.

இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. எனக்கு அவன் கோபம் புரிகிறது. நாலு மாதம் பாடுபட்டு வளர்த்த ராகியை ஒரே ராத்திரியில் உழுதுபோட்ட மாதிரி ஆக்கிவிட்டுப் போகும்போது, விடிந்ததும் அந்த வயலில் நிற்கிற வேதனை நின்றவனுக்குத்தான் தெரியும். அதற்காக மின்வேலி, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) என்று போகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்தக் காட்சியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

அப்படியானால் மிச்சம் இருக்கும் தேவைகள் மூன்று. ஒன்று, பரணில் இருக்கும்போது சத்தம். இரண்டு, ஊரைவிட்டுத் தள்ளித் தனியாக இருக்கும் தோட்டத்து வீட்டுக்குப் பாதுகாப்பு. மூன்றாவதை அவனே தயங்கித் தயங்கிச் சொன்னான்: குறி பார்த்துச் சுடுவதில் அவனுக்கு ஆசை. அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே துப்பாக்கி பொருந்துமா என்பதில்தான் எங்கள் வாக்குவாதம் எல்லாம்.

இந்தப் பிரிவை ஆயுதச் சட்டமே செய்து வைத்திருக்கிறது. 1959-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் கொடுக்கும் அதிகாரிக்குத் தோன்றினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்பக்கம் வழவழப்பான வேறு துப்பாக்கி. பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் அதே வழவழப்புக் குழல். .22 ரைபிளோ (அந்த எண் குழலின் உள்ளளவு, அங்குலத்தில்) ஏர் ரைபிளோ வேண்டுமென்றால், அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினராக, இலக்குப் பயிற்சிக்கு. இவை தவிர வேறு எது கேட்டாலும் அதற்குத் தக்க காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தியடைய வேண்டும். கடைக்குப் போவதற்கு முன் இந்த ஒரு பிரிவைப் படித்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சரி, மாமாவின் பழைய துப்பாக்கியிலிருந்து வருகிறேன்.

அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. கருமருந்தை அளந்து குழல் வாயில் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் கெட்டித்து, ரவை என்கிற சின்ன ஈய உருண்டைகளைப் போட்டு, மறுபடி நார் வைத்து, கடைசியில் குதிரையை, அதாவது அடிக்கும் சுத்தியைத் தூக்கி, அடிபட்டால் பொறி தரும் கேப்பு வைப்பார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கெட்டிக்கும் கம்பியில் இரண்டு இடத்தில் அரத்தால் கோடு போட்டு வைத்திருக்கிறார். கம்பியை உள்ளே விட்டால் முதல் கோடு குழல் வாயோடு நின்றால் காலி. இரண்டாவது கோடு நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. அந்தக் கோடு இல்லாத துப்பாக்கியில் கெட்டித்ததை மறந்து இரண்டாவது தடவையும் கெட்டித்தால் குழல் வெடித்துவிடலாம்.

அதன் பெரிய குறை, கெட்டித்ததைச் சுலபமாக எடுக்க முடியாது. சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் திருகு மாட்டிய கம்பியால் நாரைக் கிளறி இழுக்க வேண்டும். அதனால் பல வீடுகளில் கெட்டித்த துப்பாக்கி அப்படியே மூலையில் சாத்திக் கிடக்கும். குழந்தைகள் ஓடுகிற வீட்டில்! அடுத்தது ஈரம். மார்கழிப் பனியில் பரணில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் மருந்து நமத்துவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி நானும் பரணில் இருந்தேன். மாமா ஓடைப் பக்கத்து மேட்டைப் பார்த்து விசையை இழுத்தார். கேப்பு மட்டும் 'டிக்' என்றது. நான் துப்பாக்கியை வாங்கிப் பார்க்கக் கை நீட்டினேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார், குழலை அசைக்கவே இல்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார் போல. எனக்கு ஒரு மூச்சு விட்டு இழுக்கிற நேரம் ஆகியிருக்கும், 'டமால்' என்று வெடித்தது. நமத்த மருந்து புகைந்து புகைந்து கடைசியில் பிடித்துக்கொண்டது. என் கை அந்தக் குழல் வாய்க்கு முன்னால் போக இருந்தது. மாமாவின் ஐம்பது வருஷப் பழக்கம் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனாலேயே பழைய துப்பாக்கி அவன் கைக்குப் போகக் கூடாது என்பது என் முடிவு. இதில் மாமாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

அடுத்து மாப்பிள்ளை ஆசைப்பட்ட வெளிநாட்டுக் கட்டை ரைபிள்கள். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வகை உண்டு. பண்ணைக்காரர் வண்டி இருக்கைக்குப் பின்னால் போட்டு வைத்துக்கொள்வது. நடுவில் மடியும், ஒரு தோட்டா போடும், விலை குறைவு, கெட்டுப்போக அதில் பாகங்களும் குறைவு. சியாப்பா கம்பெனியின் லிட்டில் பேட்ஜர் என்ற .22 அந்த வகைதான். 16.5 அங்குலக் குழல், கம்பியை வளைத்த தோள்கட்டை, இரண்டாக மடங்கும், எடை ஒன்றரைக் கிலோவுக்குள். ஹென்றி, சி.வி.ஏ. போன்ற கம்பெனிகள் பெரிய தோட்டாக்களுக்கும் ஒற்றைக்குழல் செய்கின்றன. அங்கே அளவைப் பற்றி நடக்கும் விவாதம் சுவையானது. .300 பிளாக்அவுட் என்ற தோட்டாவில் மருந்து கொஞ்சம், சீக்கிரம் எரிந்து முடியும், அதனால் 16 அங்குலக் குழலிலேயே தன் வேகத்தை எட்டிவிடும். .357 மேக்னம் போட்ட ரைபிளில் அதன் சாதுவான தம்பியான .38 ஸ்பெஷலையும் சுடலாம், பயிற்சிக்குச் செலவு குறைவு. .45-70 என்பது 1873-இல் ராணுவத்துக்காக வந்த பழைய தோட்டா. கனமான ஈயத்தை மெதுவாகத் தள்ளும், லேசான ஒற்றைக்குழலில் சுட்டால் தோள் நோகும். நீளமான குழல் தேவைப்படும் அதிவேகத் தோட்டாக்களைக் கட்டைக் குழலில் போட்டால், எரியாத மருந்து வாயில் தீயாகவும் காதைப் பிளக்கும் சத்தமாகவும் வீணாகும். கட்டைத் துப்பாக்கிக்குக் கொஞ்ச மருந்துத் தோட்டாதான் பொருத்தம் என்பது அங்கே பட்டறிவில் கண்ட பாடம்.

அந்தப் பாடம் மட்டும் நமக்கு உதவும், அந்தத் துப்பாக்கி உதவாது. சாதாரண உரிமக்காரருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பல பத்தாண்டுகளாகவே அடைபட்டிருக்கிறது. அதோடு அங்கே வேட்டைக்கு அனுமதிச் சீட்டு உண்டு, பருவம் உண்டு. ஒரு பண்ணையே நம் பஞ்சாயத்து அளவுக்கு விரிந்து கிடக்கும். இங்கே 1972 வன உயிரினச் சட்டத்தில் 1991-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்பதே இல்லை. அந்த வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படலாம், அளவு எடுக்கக் கூடாது என்றேன் மாப்பிள்ளையிடம்.

'கட்டை' என்பதைப் பற்றி இன்னொன்று. அங்கே ரைபிள் குழல் 16 அங்குலம் வரை குறையலாம். இங்கே, மேலே சொன்ன மாதிரி, வழவழப்புக் குழலுக்கு 20 அங்குலம் கீழ்வரம்பு. வாங்கிய பிறகு குழலை அறுத்துக் குட்டையாக்குவது தனிக் குற்றம். சில பட்டறைகளில் "அறுத்துத் தரட்டுமா" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டையாக இருந்தால் பரணில் எவ்வளவு சௌகரியம் என்று பார்க்க ஒரு சோதனை செய்தோம். சவுக்குக் கம்பில் இரண்டு துண்டு வெட்டினோம். ஒன்று 46 அங்குலம்: 30 அங்குலக் குழல் உள்ள ஒற்றைக்குழல் 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) துப்பாக்கி ஏறக்குறைய அந்த நீளம் வரும். இன்னொன்று 36 அங்குலம்: 20 அங்குலக் குழலுக்கு. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு பரண் ஏறினோம். நீளக்கம்பு ஏணியில் ஒரு தடவை, மேலே கூரைத் தென்னங்கீற்றில் ஒரு தடவை மாட்டியது. குட்டைக்கம்பு எங்கேயும் மாட்டவில்லை. ஆனால் மாப்பிள்ளை பேசிக்கொண்டே திரும்பியபோது அதன் நுனி என் முழங்காலுக்கு நேராக வந்து நின்றது. அவனுக்குத் தெரியவே இல்லை. சுலபமாகத் திரும்புகிற குழல் தப்பான பக்கமும் சுலபமாகத் திரும்பும். டார்ச் வெளிச்சத்தில் அந்த நுனியைப் பார்த்ததும் கட்டைக் குழல் மேல் எனக்கு இருந்த மோகம் பாதி குறைந்தது. நடுவில் 26, 28 அங்குலத்தில் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் 30-ஏ இருக்கட்டும் என்று பேசிக்கொண்டோம்.

இப்போது நிஜமான போட்டி: 12 போர் ஒற்றைக்குழலா, .22 ரைபிளா?

.22-ஐ எனக்குப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. கிளப்பில் நான் சுடுவது அதுதான். 5.6 மில்லிமீட்டர் குண்டு, எடை 2.6 கிராம், தோளில் உதையே தெரியாது, சத்தம் சாட்டை சொடுக்கின மாதிரி. குழல் 16 அங்குலத்தைத் தாண்டினால் வேகத்துக்குப் பெரிய லாபம் கிடையாது, அதனால் கட்டைத் துப்பாக்கிக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டா இல்லை. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டி நடப்பது இந்த .22-இல்தான், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடுகிற ரைபிளில். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அந்தப் போட்டியில். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் எடுத்து வைத்து, மூச்சை நிறுத்தி, ஒன்றே ஒன்றைச் சரியாகச் சுடுவது என்பது மனசை அடக்கப் பழக்கும். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியின் உண்மையான அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஆனால் அதை அஞ்செட்டி வயலுக்குக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். சில தோட்டாப் பெட்டிகளின் மேலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்: குண்டு ஒன்றரை மைல் வரை போகும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். மாமா வீட்டுப் பரணிலிருந்து அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பார்த்தோம். உள்ளே நாலு தோட்டத்து வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாரியம்மன் கோயில், பால் வண்டி வரும் ரோடு. ராத்திரியில் இவற்றில் எதுவும் பரணிலிருந்து தெரியாது. இன்னொன்று இந்தப் பக்கத்து மண். கிருஷ்ணகிரி கிரானைட் பூமி. ஒவ்வொரு வயலுக்கும் நடுவில் ஒரு குண்டுப்பாறை யானை மாதிரி படுத்திருக்கும். .22 குண்டு பாறையிலும் பட்டுத் தெறிக்கும், ஏரித் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும். தெறித்த குண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிளப்பில் இலக்குக்குப் பின்னால் உயரமாக மண் மேடு கட்டியிருப்பது அதற்காகத்தான். வயலில் அந்த மேடு இல்லை. சத்தம் குறைவு என்பதால் விலங்கை விரட்டவும் .22 உதவாது. சட்டமும் அதைக் கிளப் உறுப்பினரின் இலக்குப் பயிற்சிக்குத்தான் வைத்திருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே பதில்தான் வருகிறது.

12 போரில் கணக்கு தலைகீழ். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு தடிமனோ அதுதான் குழலின் உள்ளளவு, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ரவைத் தோட்டா சுட்டால் சின்ன ரவைகள் இருநூறுக்கு மேல் ஒரே கூட்டமாகப் பறக்கும். சின்ன ரவைக்குக் காற்றைக் கிழிக்கும் தெம்பு இல்லை, சீக்கிரம் களைத்து விழுந்துவிடும். ஜூர்னே என்ற பிரெஞ்சு ராணுவத்துக்காரர் பெயரில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200-ஆல் பெருக்கினால், அது அதிகபட்சம் எத்தனை கஜம் போகும் என்று தெரியும். ஆறாம் நம்பர் ரவை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. 220 கஜம், அதாவது 200 மீட்டர். மாமாவின் நிலமும் பக்கத்துத் தரிசும் சேர்ந்தால் மேற்குப் பக்கம் அதைவிடத் தூரம் இருக்கிறது. அங்கே வீடும் இல்லை, பாதையும் இல்லை. .22-க்குப் போட்ட வட்டத்தையும் இந்த 200 மீட்டர் வட்டத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினேன். மாப்பிள்ளை ரொம்ப நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. 12 போர் என்றாலே எல்லாத் தோட்டாவும் 200 மீட்டர் என்று நினைத்துவிடக் கூடாது. எல்.ஜி. என்ற பெரிய ரவை ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதே கணக்கில் 700 மீட்டரைத் தாண்டும். நம் ஊரில் பலரும் கடையில் போய் "எல்.ஜி. கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள், பெரிய ரவை என்றால் பெரிய பலம் என்ற நினைப்பில். பன்றியைச் சுடக் கூடாது என்று ஆன பிறகு பரணில் எல்.ஜி.க்கு என்ன வேலை? சத்தம் ஆறாம் நம்பரிலும் அதேதான் வரும்.

ஒற்றைக்குழல் 12 போரில் எனக்குப் பிடித்த பெரிய விஷயம், அது நடுவில் மடிவது. பூட்டுக் குச்சியைத் தள்ளினால் குழல் கீழே சாயும், தோட்டா அறை கண்ணுக்கு நேராகத் தெரியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பத்தடி தள்ளி நிற்கிறவருக்கும் தெரியும். ஏணி ஏறும்போது தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, துப்பாக்கியை மடக்கி முழங்கையில் மாட்டிக்கொண்டு ஏறலாம். மடங்கின துப்பாக்கி வெடிக்காது. மாமாவின் பழைய துப்பாக்கிக்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசத்தை நான் ஒரு வார்த்தையில் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். அப்புறம், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனி, தோள்கட்டை தனி என்று இரண்டாகப் பிரியும். கலெக்டர் ஆபீசுக்கோ, தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கவோ பஸ்ஸில் எடுத்துப் போகும்போது ஒரு சாதாரணப் பைக்குள் அடங்கிவிடும். மாப்பிள்ளை கேட்ட 'கையடக்கம்' குழலை அறுக்காமலே கிடைத்துவிட்டது.

குறையும் இருக்கிறது. உதை பலமாக இருக்கும். எடை மூன்று கிலோ பக்கம் வரும், அந்த எடைதான் உதையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. முப்பது நாற்பது மீட்டருக்கு மேல் ரவைக் கூட்டம் கலைந்து போவதால் குறி பார்த்துச் சுடும் ஆசைக்கு இது தீனி போடாது. அந்த ஆசைக்குக் கிளப்.

இரட்டைக்குழல் ஏன் வேண்டாம் என்று மாமா கேட்டார். எடை கூடும், விலை கூடும். எங்கள் தேவையில் இரண்டாவது வெடிக்கு அவசரமே இல்லை. மாமாவும் அதோடு விட்டுவிட்டார்.

16 போர், 20 போர் பழைய துப்பாக்கிகள் மலிவாக வரும். எடுக்காதீர்கள். 16 போருக்குத் தோட்டா தேடி அலைய வேண்டியிருக்கும். 20 போரில் வேறொரு அபாயம். அதன் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய் குழலில் சிக்கி நிற்கும். குழல் காலியாகத் தெரிகிறதே என்று பின்னால் ஒரு 12 போர் தோட்டாவையும் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே கிழியும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். ஒரே வீட்டில் இரண்டு அளவுத் தோட்டா இருக்கவே கூடாது.

.315 ரைபிளைப் பற்றியும் பலர் கேட்பார்கள், இந்தியாவில் உரிமக்காரர் கையில் அதிகம் தெரிகிற ரைபிள் அது. ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவின் வழியில் வந்தது. ராணுவத்தின் .303 தோட்டா இதில் போகக் கூடாது என்பதற்காகவே வெள்ளைக்காரன் காலத்தில் பொதுமக்களுக்கு என்று புகுத்திய அளவு. பல தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் உள்ள போல்ட் ரைபிள் (பின்பக்கத் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது), ஒற்றைத் தோட்டா வகையே இல்லை. குண்டு இரண்டு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். ராகி வயலுக்கு இதைக் கேட்டால் 'தக்க காரணம்' என்ன எழுதுவது என்று மாப்பிள்ளையே கேட்டுச் சிரித்தான். தள்ளிவிட்டோம்.

ஏர் ரைபிளுக்கு வந்தால், குழல் .177 அளவுக்குள்ளும், குண்டு வாயை விட்டுக் கிளம்பும் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. வாங்கும்போது இரண்டையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2008-இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது இந்த .177-இல்தான். மாப்பிள்ளை உரிமத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில் கை பழக இதுவே போதும். வீட்டுத் திண்ணையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி மண்சுவரில் அட்டை மாட்டிச் சுடலாம். மயிலையும் கிளியையும் பார்த்துத் திருப்பினால் உரிமம் தேவையில்லாத ஏர் ரைபிளும் ஜெயிலுக்கு வழி காட்டும் என்பதை அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் சேர்த்தே சொன்னேன்.

முடிவு எடுத்த பிறகு சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம், உரிமம் வருமுன் சும்மா பார்க்க. மாமாவும் வந்தார். பழைய ஒற்றைக்குழல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மாமா அதை மடக்கி, குழலைக் கழற்றி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். சுற்றிச் சுற்றித் திருப்பினார். உள்ளே வெளிச்சம் வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டும், வட்டம் ஒரு இடத்தில் நெளிந்தால் அங்கே குழல் நசுங்கியிருக்கிறது. இதில் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் நெளிந்தது. என்னையும் பார்க்கச் சொன்னார். அப்புறம் இன்னொன்று. குழல் நேராக இருந்தது. அதை மாட்டி, முன்கட்டை இல்லாமல் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். குழலும் உடலும் சேரும் இடத்தில் லொடலொடவென்று இருந்தது. வைத்துவிட்டோம். மூன்றாவதில் குழலடியில் 65 என்று குத்தியிருந்தது. அது அறையின் நீளம், மில்லிமீட்டரில். இப்போது கிடைக்கும் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70. தோட்டாவின் வாய் மடங்கி மூடியபடி இருக்கும்போது 70 தோட்டா அதில் நன்றாகவே நுழையும், அதுதான் ஆபத்து. வெடித்து வாய் விரியும்போது விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும். கடைக்காரர் இதை எங்களிடம் சொல்லவில்லை, நாங்கள் கேட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார். ஆக, பழையது வாங்குகிறவர்கள் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். நாங்கள் 70 அறை உள்ள புதியதே வாங்குவதாக வைத்திருக்கிறோம்.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. போலீஸ் விசாரணை முடிந்துவிட்டது. உரிமம் இப்போது ஐந்து வருஷத்துக்கு வரும், முன்பு மூன்று. 2019 திருத்தத்தில் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வந்ததும், திருவிழா கல்யாணத்தில் கொண்டாட்டத்துக்குச் சுடுவது தனிக் குற்றமானதும் மாப்பிள்ளைக்குத் தெரியும். அவன் கல்யாணத்துக்கே யாரோ அப்படிக் கேட்டு அத்தை விரட்டிவிட்டாள். துப்பாக்கிக்கு மரப்பெட்டி ஒன்று, தோட்டாவுக்குத் தகரப்பெட்டி ஒன்று, இரண்டுக்கும் வேறு வேறு பூட்டு. துப்பாக்கிப் பெட்டிச் சாவி மாப்பிள்ளையிடம், தோட்டாப் பெட்டிச் சாவி அத்தையிடம் என்று அத்தையே தீர்த்துச் சொல்லிவிட்டாள். பழைய துப்பாக்கியை மாமா திருகு கம்பி விட்டுக் காலி செய்து, கம்பியை உள்ளே விட்டு முதல் கோட்டை எனக்குக் காட்டினார். மாப்பிள்ளை கைக்கு உரிமம் வந்ததும் அந்தப் பழைய துப்பாக்கியை உரிமம் உள்ள வியாபாரியிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த வருஷ ராகிக்குத் தகரமும் டார்ச்சும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை பஸ் பிடித்துக் கிளப்புக்கு வருகிறான். என் பக்கத்துப் பாயில் படுத்து, ஒரு .22 தோட்டாவை எடுத்து வைத்துச் சுட்டுவிட்டு, அடுத்ததை எடுக்கும் முன் போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பார்க்கிறான்.